விதை முளைக்கும் வெப்பம்

ஒரே நாளில், ஒரே கையால், ஒரே பாத்தியில் இருவகைக் காய்கறி விதைகளைத் தூவுகின்றோம். ஒன்று ஐந்தாம் நாளே தலைகாட்டுகின்றது. மற்றொன்று பதினைந்து நாள் கடந்தும் வெளிப்படாது மண்ணுக்குள்ளே மடிந்துபோகின்றது. விதை பழுது என்று வணிகரைக் குறைகூறுவோர் உளர். தமக்குக் கைராசி இல்லையென்று நொந்துகொள்வோரும் உளர். ஆனால் இத்தகைய இழப்புகளுட் பலவற்றுக்கு விதையோ கையோ காரணமாவதில்லை. அவ்விதை கிடந்த மண்ணின் வெப்பமே காரணமாகின்றது. அவ்வெப்பத்தை அதிகச் செலவின்றி, மின்சாரத்தையும் எரிபொருளையும் வீணாக்காமல், நமக்கு வேண்டிய அளவில் நிறுத்துவது எங்ஙனம் என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

யான் கலைத்துறையிற் பட்டம் பெற்றவன், விவசாய விஞ்ஞானியல்லன். எனினும் திருகோணமலை மாவட்டத்துப் பாடசாலைத் தோட்டங்களோடு நெடுங்காலம் பழகியவன். நிலாவெளி, குச்சவெளி, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் ஆகிய ஊர்களிலே வீட்டுக்கொல்லையில் நாற்றுமேடையிட்டு வாழ்வோரின் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லுபவன். அவர்களது இல்லங்களில் நாற்றுமேடை பொய்த்தால் அந்தப் போகமே பொய்த்ததாகும். ஆதலின் இப்பொருளை அவர்தம் கண்கொண்டு நோக்குவோம்.

முதற்கண், விதைக்குள்ளே நிகழ்வது யாது என அறிதல் வேண்டும். உலர்ந்த விதை உயிரற்ற பொருளன்று. மிக மெதுவாகச் சுவாசித்துக்கொண்டிருக்கும் உயிர். நீர் பட்டவுடன் அது பருக்கின்றது. உள்ளே நொதியங்கள் தொழிற்படத் தொடங்குகின்றன. சேமித்து வைக்கப்பட்ட மாப்பொருளும் எண்ணெயும் புரதமும் கரைந்து முளைக்கு உணவாகின்றன. இந்த நொதியங்களின் வேகத்தை நிர்ணயிப்பது வெப்பமே. குளிர் மிகுந்தால் அவை சோம்பிக் கிடக்கும். வெப்பம் ஓரெல்லை வரை உயர உயர அவை விரைந்து இயங்கும். அவ்வெல்லையைத் தாண்டினாலோ நொதியங்களே சிதைவுறும். விதைக்கு வேண்டிய ஒட்சிசனின் அளவு பெருகும். ஆனால் வெந்நீரிற் கரைந்திருக்கும் ஒட்சிசனோ குறைந்துவிடும். அந்நிலையில் சில விதைகள் இறக்கின்றன. சில முளைக்க மறுத்து உறக்கத்தில் ஆழ்கின்றன.

அவ்வெல்லை எல்லா விதைக்கும் ஒன்றாக அமைவதில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலே ஹரிங்டன் என்னும் அறிஞர் 1950களில் பல்வேறு காய்கறி விதைகளை வெவ்வேறு மண்வெப்பத்தில் இட்டு, முளை வெளிப்பட எத்தனை நாட் செல்கின்றது எனக் கணக்கிட்டார். அவர் தந்த அட்டவணை இன்றும் உலகெங்கும் தோட்டக்காரருக்கு வழிகாட்டியாய் உள்ளது. அதன்படி தக்காளி 10 செல்சியஸ் பாகையில் 43 நாளெடுக்கும். 25 முதல் 30 பாகையில் ஆறே நாளில் முளைக்கும். 35 பாகையில் ஒன்பது நாளாகும். 40 பாகையில் முளைக்கவே மாட்டாது. மிளகாய் இனம் 15 பாகையில் 25 நாளும், 25 பாகையில் எட்டு நாளும் எடுக்கும். கத்தரி 20 பாகையில் 13 நாளெடுக்க, 30 பாகையில் ஐந்தே நாளில் எழும். வெண்டியோ வெயிலை விரும்பும் பிள்ளை. 20 பாகையில் 17 நாள் உறங்கி, 35 பாகையில் ஆறு நாளில் விழித்துக்கொள்ளும். சலாது இலையின் விதை இதற்கு நேர்மாறானது. 25 பாகையில் இரண்டே நாளில் முளைக்கும் அவ்விதை, 35 பாகையில் ஒன்றேனும் முளைக்காது.

நம் மாவட்டத்துக் கன்னியா வெந்நீரூற்றை அறியாதார் இலர். நகரிலிருந்து அநுராதபுரம் செல்லும் சாலையில் எட்டுக் கிலோமீற்றரளவில், ஒன்றையொன்று அடுத்துக் கிடக்கும் ஏழு சிறு கிணறுகள் அவை. ஒரு கிணற்று நீரை அள்ளி ஊற்றி, மறு கிணற்றுக்குச் செல்வோர், இரண்டின் சூடும் வேறுவேறாய் இருத்தலை உணர்வர். சில அடி இடைவெளியிலே ஏழு கிணற்றுக்கும் ஏழு வெப்பம் என்பது போலவே, ஓரடி இடைவெளியிற் கிடக்கும் ஏழு வகை விதைக்கும் ஏழு வெப்பம் தேவையாகும். ஒரே கூடத்தில் எல்லாவற்றையும் ஒரே நாளில் இட்டுவிட்டு ஒரே பயனை எதிர்பார்த்தல் பொருந்தாது.

இங்கே நேயர்கள் ஓர் ஆறுதலையும் பெறலாம். விதை இரவும் பகலும் இம்மியும் மாறாத வெப்பத்தை வேண்டி நிற்பதில்லை. விதைச் சோதனைக்குரிய அனைத்துலக விதிகளிலே தக்காளி, மிளகாய், கத்தரி ஆகியவற்றுக்கு ஒரு நாளின் ஒரு பகுதியில் 20 பாகையும் மற்றொரு பகுதியில் 30 பாகையுமாக மாறிவரும் வெப்பம் கூறப்பட்டுள்ளது. இயற்கையில் இரவு குளிர்ந்து பகல் சுடுவதற்கு இவ்விதைகள் பழகியுள்ளன. ஆகவே, இடையறாது இயங்கும் பொறியொன்று நமக்குத் தேவையில்லை. உச்சத்தைத் தணித்தல், தாழ்வைத் தாங்குதல் என்னும் இரண்டும் கைவரப்பெற்றாற் போதுமானது.

இனி, திருகோணமலையின் காலநிலையை நோக்குவோம். மாரிக்காலத்தில், தை மாத அளவில், சராசரி வெப்பம் 26 பாகையை ஒட்டியிருக்கும். வைகாசி முதல் ஆவணி வரை பகல் வெப்பம் 34, 35 பாகைக்கு ஏறும். அக்காலத்தில் வீசும் கச்சான் காற்றை நாம் நன்கு அறிவோம். தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைச்சரிவுகளில் தன் மழையைப் பொழிந்துவிட்டு, மலையைக் கடந்து கீழிறங்கும்போது உலர்ந்து சூடேறி நம்மிடம் வருகின்றது. துணி அரை நாழிகையிற் காயும், உதடு வெடிக்கும், இளநாற்று வாடும்.

இங்கேதான் நமது இடர்ப்பாடு எழுகின்றது. நம் பெருமழை ஐப்பசி தொடங்கித் தை வரை பெய்கின்றது. அம்மழையை நம்பி நடவேண்டிய மிளகாய், கத்தரி, தக்காளி நாற்று, மழைக்கு மூன்று முதல் ஐந்து வாரம் முன்னரே நாற்றுமேடையில் இருத்தல் வேண்டும். அஃதாவது, ஆவணியின் இறுதியிலும் புரட்டாதியிலும், வெப்பம் இன்னும் தணியாத வேளையிலேயே விதை மண்ணிற் கிடக்கின்றது. அந்த வாரத்தைத் தவறவிட்டு மீண்டும் விதைத்தால், நாற்று நடும்போது மழை பாதி கடந்திருக்கும். அல்லது இளங்கன்று கடும் மழையில் அழுகும். கலப்பின விதையின் விலையை அறிந்தவருக்கு, ஒரு சிறு பொதி விதை பழுதாதலின் பொருள் யாதென நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

மேலும், காற்றின் வெப்பம் வேறு. மண்ணின் வெப்பம் வேறு. நண்பகலிலே கடலோர மணலில் வெறுங்காலுடன் நடக்க இயலாது. காற்று 34 பாகையாய் இருக்கையில், உலர்ந்த மணலின் மேற்பரப்பு 50 பாகையையும் தாண்டிவிடும். மண்ணுக்குள் சில அங்குலம் கீழே சென்றால் அக்கொதிப்பு அடங்கிவிடுகின்றது. ஆனால் தக்காளி, மிளகாய் விதைகளைக் கால் அங்குலத்துக்கும் அரை அங்குலத்துக்கும் இடையிலேயே புதைக்கின்றோம். ஆகவே, கொதிக்கும் மேற்பரப்பே அவற்றின் தொட்டிலாகின்றது.

இத்தகைய நிலத்திலே பச்சைவீடு அமைத்தால் என்ன நேரும்? பச்சைவீடு குளிர்நாட்டில் தோன்றிய பொருள். பண்டை உரோமாபுரியில் தைபீரியசு மன்னனுக்கு ஆண்டு முழுவதும் வெள்ளரிக்காய் வேண்டியிருந்தமையால், சக்கரம் பூட்டிய பாத்திகளை வெயிலுக்குத் தள்ளிச் சென்றனரென்றும், குளிர்நாளில் ஒளி ஊடுருவும் கற்பலகையால் அவற்றை மூடினரென்றும் பிளினி என்னும் ஆசிரியர் எழுதிவைத்தார். வெயிலை உள்ளே விடுதலும், சூடேறிய காற்றை வெளியே செல்லவிடாது தடுத்தலும் அதன் தத்துவம். குளிர்நாட்டுக்கு இது வரம். கச்சான் வீசும் கிழக்குக் கரையிலோ, நான்கு பக்கமும் பொலித்தீனால் மூடிய கூடம் நண்பகலில் அடுப்பாகிவிடும். நுவரெலியாவின் குளிருக்கும் மழைக்கும் ஏற்ப அமைந்த கூடத்தை அளவு மாற்றாமல் அப்படியே இங்கு நாட்டுவோர், அவ்வடுப்பை அணைக்க மின்விசிறியும் நீர்ப்பம்பியும் தேட நேரிடுகின்றது.

மின்சாரத்தை நம்பிய ஏற்பாடு எத்துணை உறுதியற்றது என்பதை 2022ஆம் ஆண்டு நமக்கு உணர்த்தியது. அவ்வாண்டு பங்குனி இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின் தடைப்பட்டது. மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். சீனக்குடாவிலே பிரித்தானியர் காலத்திற் கட்டப்பட்ட எண்ணெய்க் குதங்களை அருகிற் கொண்ட நம் மாவட்டத்தாரும் அவ்வரிசைக்கு விலக்காகவில்லை. மின்விசிறி நின்ற கூடத்தில் நாற்று ஒரு பிற்பகலிற் கருகிவிடும். ஆகவே, சக்தியைச் சிக்கனமாகப் பயன்படுத்துதல் என்பது பணத்தைச் சேமிப்பதோடு நின்றுவிடுவதில்லை. தடைபடாத விளைச்சலுக்கு அதுவே காப்புமாகின்றது.

இவ்விடத்து நினைவிற் கொள்ளவேண்டிய தத்துவம் ஒன்றுண்டு. கூடத்தின் காற்று முழுவதையும் ஆள முயலாது, விதை கிடக்கும் ஒரு சாண் இடத்தை ஆளுதல் வேண்டும். விதை முளைக்குங் காலம் சில நாட்களே. அது கொள்ளும் இடமும் ஒரு பலகையளவே. அச்சிறு இடத்தை, அச்சில நாட்களுக்குக் காத்தால் போதுமானது. இனி, இதனைச் செய்யும் வழிகளை ஒவ்வொன்றாய் நோக்குவோம்.

முதலாவது வழி, வேளை அறிந்து விதைத்தல். விதை நீரை உறிஞ்சத் தொடங்கும் முதற் சில மணித்தியாலங்களே வெப்பத்தால் மிகத் தாக்குறும் வேளையாகும். சலாது விதையில் இது மிகத் தெளிவாய்க் காணப்படும். காலையில் விதைத்து நீரூற்றினால், அந்த வேளை நண்பகற் கொதிப்பில் அமைகின்றது. மாலையில் விதைத்து நீரூற்றினாலோ இரவின் குளிர்ச்சியில் அமைகின்றது. விதையை மாலையில் ஊறவைத்து, ஈரத்துணியிற் கட்டி, வீட்டினுள்ளே தண்ணீர்ப் பானையின் அடியில் வைக்கும் பழக்கம் நம் மூதாட்டியரிடம் இருந்தது. மண்பானையின் புறத்தே கசியும் நீர் ஆவியாவதால் அவ்விடம் வீட்டிலேயே குளிர்ந்த இடமாய் இருக்கும். அவ்வழக்கத்தில் அமைந்த அறிவு போற்றத்தக்கது.

இரண்டாவது வழி நிழல். நாற்றுமேடைக்கு மேலே மூன்று, நான்கடி உயரத்தில் பந்தலிட்டுக் கிடுகையோ பனையோலையையோ பரப்புதல் நம் மரபு. இன்று பாதி ஒளியை மறைக்கும் நிழல்வலை கடையிற் கிடைக்கின்றது. இரண்டும் ஒரே தொழிலையே செய்கின்றன. பந்தல் தாழ்வாக இருத்தல் கூடாது. கிடுகுக்கும் மண்ணுக்குமிடையே காற்று உலாவ இடம் வேண்டும். விதைத்தவுடன் வைக்கோலை மெல்லிதாகப் பரப்பி, அதன்மேல் பூவாளியால் நீர் தெளித்தால், மண்ணின் மேற்பரப்பு கொதிக்காது, காயாது. ஆயின் முதன்முளை தோன்றிய அன்று மாலையே வைக்கோலை அகற்றிவிடல் வேண்டும். பந்தலின் நிழலையும் நாளுக்கு நாள் குறைத்து, நாற்றை வெயிலுக்குப் பழக்கல் வேண்டும். நிழலிலே நெடிது வளர்ந்த நாற்று, வயலுக்குப் போன அன்றே சாயும்.

மூன்றாவது வழி காற்று. பச்சைவீடு அமைப்போர் கூரைக்கு மட்டும் பொலித்தீன் இட்டு, பக்கங்களைப் பூச்சிபுகா வலையால் அடைத்தல் நன்று. சூடேறிய காற்று இயல்பாகவே மேலெழும். கூரையின் உச்சியில் ஒரு திறப்பு இருந்தால் அது வெளியேற, கீழிருந்து குளிர்காற்று உள்ளே வரும். இஃது எந்தப் பொறியுமின்றி இரவும் பகலும் இயங்கும் விசிறியாகும். கூடத்தின் உயரம் கூடக்கூட இவ்வியக்கம் வலுப்பெறும். வெயிற்காலத்திலே கூரையின் மேற்புறத்திற் சுண்ணாம்பு நீரை மெல்லிதாகப் பூசினால், வெயிலில் ஒரு பங்கு திரும்பிப்போகும். மாரி மழை வந்து அச்சுண்ணாம்பைக் கழுவிவிடுங் காலத்தில், ஒளியும் நமக்கு மிகுதியாய் வேண்டியிருக்கும். காலமறிந்து பூசிக் காலமறிந்து கழுவும் வேலையிற் பாதியை வானமே செய்து தருகின்றது.

நான்காவது வழி நீர். ஒரு லீற்றர் நீர் ஆவியாகுங்கால், ஏறத்தாழ மின் அலகொன்றின் மூன்றில் இரண்டு பங்கு அளவான வெப்பத்தைச் சூழலிலிருந்து கவர்ந்து செல்கின்றது. அத்துணை வெப்பத்தை ஒரு லீற்றர் நீர் விலையின்றி அகற்றித் தருகின்றது. காற்று எவ்வளவுக்கு உலர்ந்துள்ளதோ, அவ்வளவுக்கு இக்குளிர்ச்சி மிகும். கச்சான் வீசும் நாளில், காற்று 35 பாகையாயும் ஈரப்பதன் நூற்றுக்கு 45ஆகவும் இருந்தால், ஈரச்சாக்கை ஊடுருவி வருங் காற்று 25, 26 பாகை வரை குளிரக்கூடும். நாற்றை வாட்டும் அதே கச்சான், நனைந்த சாக்கைக் கடந்து வரும்போது நமக்குக் குளிர்காற்றாகிப் பணி செய்கின்றது. ஆகவே, நாற்றுக்கூடத்தின் மேற்கு, தென்மேற்குப் பக்கங்களிலே சாக்கைத் தொங்கவிட்டு நனைத்து வைத்தல் நற்பயன் தரும். மாரிக்காலத்திலோ இவ்வித்தை பலிக்காது. காற்று 28 பாகையாயும் ஈரப்பதன் 90ஆகவும் உள்ள நாளில், ஒரு பாகைக்குச் சற்றுக் கூடுதலாகவே குளிர்ச்சி கிடைக்கும். அக்காலத்தில் சாக்கை நனைப்பது பூஞ்சணத்தை வளர்ப்பதாகவே முடியும்.

இத்தத்துவத்தை நிலையான ஓர் அமைப்பாக்கியவர்கள் தில்லியிலுள்ள இந்திய வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார். 1980களின் தொடக்கத்தில் அவர்கள் காய்கனிகளை வாடாது வைப்பதற்கு ஒரு குளிர்பெட்டகத்தை உருவாக்கினர். இரு செங்கற் சுவர்கள். இடையிலே சில அங்குல இடைவெளி. அவ்விடைவெளி நிறைய மணல். அம்மணலை நாளிருமுறை நனைத்தல். இவ்வளவே அதன் அமைப்பு. மின்சாரம் சிறிதும் வேண்டுவதில்லை. முளைக்கத் தொடங்கும் விதைக்குப் பெரும்பாலும் ஒளி தேவையில்லை என்பதால், கோவா, சலாது போன்ற குளிர் விரும்பும் விதைத் தட்டுகளை முதல் இரண்டு மூன்று நாள் இத்தகைய பெட்டகத்தில் வைக்கலாம். சலாதில் ஒளியை வேண்டும் இனங்களும் உள. அவற்றின் விதையை மண்ணால் மூடாது, மெல்லிய வெளிச்சம் படும்படி வைத்தல் வேண்டும்.

ஐந்தாவது வழி, வெயிலையே ஊழியனாக்குதல். விதைக்கு முன்னர் நாற்றுமேடையிலே வைக்கோலும் உமியும் பரப்பி எரித்து, மண்ணிலுள்ள பூஞ்சணத்தையும் களை விதையையும் ஒழித்தல் நம் நாட்டு வழக்கம். 1976இல் இசுரவேல் நாட்டின் கட்டான் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் வேறொரு முறையை வெளியிட்டனர். மேடையை நன்கு நனைத்து, தெளிந்த மெல்லிய பொலித்தீனால் இறுக மூடி, நான்கைந்து வாரம் வெயிலில் விட்டுவிட்டால், மண்ணின் மேற்பகுதி பல நோய்க்கிருமிகள் தாங்காத அளவுக்குச் சூடேறும். ஆனி, ஆடி மாதத்து வெயிலைச் சபித்திருக்கும் வேளையிலேயே அதனை இவ்வேலைக்கு அமர்த்தலாம். எரிக்காமல் மிஞ்சிய வைக்கோல் மாட்டுக்கும், விதைமேடையை மூடுவதற்கும் உதவும்.

இவ்வழிகளைக் கைக்கொள்வோர் இரு விடயங்களில் எச்சரிக்கையாய் இருத்தல் வேண்டும். நிழலும் ஈரமும் அளவு மீறினால் நாற்றழுகல் நோய் வரும். நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று அடித்தண்டு கறுத்துப் படுத்துவிடும். ஆதலின் நெருக்கி விதையாது, காலையில் நீரூற்றி, மாலைக்குள் மேற்பரப்பு சிறிது உலரும்படி விடுக. விதைத்த நாள் மாலையில் ஊற்றும் முதல் நீர் இவ்விதிக்கு விலக்காகும். மற்றையது, கடலோரக் கிணறுகளில் வெயிற்காலத்தே உவர் ஏறுதல். உவர்நீர் விதைக்குள் எளிதிற் புகாது. புகுந்தாலும் முளையை வருத்தும். நாவிற் கரிக்கும் நீரைச் சாக்கு நனைக்கப் பயன்படுத்தலாம், விதைக்கு ஊற்றலாகாது.

இதுவரை வெப்பத்தைத் தணிக்கும் வகை கூறினேன். இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் மலையக நேயர்களின் இடர்ப்பாடு இதற்கு மாறானது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பம் 16 பாகையளவே. தை, மாசி மாதங்களில் சில விடியற்காலைகளிலே புல்லின்மேல் உறைபனியுங் காணப்படும். அங்கே கோவாவும் கரட்டும் மகிழ்ந்து முளைக்கும்; தக்காளியும் கறிமிளகாயும் நாட்கணக்கிற் காத்திருக்கும். அவர்கள் விதைக்குச் சூடேற்றல் வேண்டும்.

இங்கே முன் கூறிய தத்துவத்தின் பெறுமதியை ஒரு கணக்கால் விளக்குவேன். 20 அடி நீளமும் 10 அடி அகலமும் ஆளுயரமுமுள்ள ஒற்றைப் பொலித்தீன் கூடத்தை, வெளிக் காற்றிலும் 10 பாகை மிகுதியாய் ஓர் இரவு, பத்து மணித்தியாலம் வைத்திருக்க, ஏறத்தாழ 33 அலகு மின்சாரம் செலவாகும். மெல்லிய பொலித்தீனின் வழியே வெப்பம் ஓயாது ஒழுகிப்போவதே இதற்குக் காரணம். அதே இரவில், மூன்றடி நீளமான ஒரு ரெஜிபோம் பெட்டியினுள்ளே அதே பத்துப் பாகையைக் காக்க, ஓர் அலகின் மூன்றிலொரு பங்கும் தேவையில்லை. செலவு நூற்றிலொன்றாய்க் குறைந்துவிட்டது. விதைத் தட்டு அப்பெட்டிக்குள் அடங்குமானால், கூடத்தைச் சூடேற்றுவானேன்?

திருகோணமலைத் துறைமுகத்திலும் கொட்டியாரக் குடாவின் கரையோர ஊர்களிலும் மீனைப் பனிக்கட்டியோடு அடைத்தனுப்பும் ரெஜிபோம் பெட்டிகளை நேயர்கள் கண்டிருப்பர். குளிரை உள்ளே வைத்திருக்கும் பெட்டி, சூட்டையும் உள்ளே வைத்திருக்கும். வெடிப்புற்று மீனுக்கு உதவாதென ஒதுக்கப்பட்ட பெட்டியைக் கழுவி உலர்த்தினால், கடற்கரையிலே நண்பகற் கொதிப்பு புகாத விதைப்பெட்டியாகவும், மலையிலே இரவுக் குளிர் புகாத விதைப்பெட்டியாகவும் பயன்படும். மலையகத்தில் அதனுள்ளே மின்விளக்கை ஏற்றுவதைக் காட்டிலும், பகலில் வெயிலிற் காயவைத்த நீர்ப்போத்தல்களை மாலையில் வைப்பது பாதுகாப்பானது; ரெஜிபோம் எளிதிற் தீப்பற்றும் பொருளாகும். பத்து லீற்றர் நீர் இருபது பாகை குளிரும்போது ஏறத்தாழக் கால் அலகு வெப்பத்தை வெளிவிடும். மேற்கூறிய பெட்டிக்கு ஓரிரவுக்கு வேண்டியதன் பெரும்பகுதி அதனாலேயே கிடைத்துவிடுகின்றது. முளை தோன்றியதும் தட்டை உடனே ஒளிக்குக் கொணர்தல் வேண்டும். ஒருநாள் தாமதித்தாலும் முளை வெளிறி நீண்டு பயனற்றுப்போகும்.

கூடத்தினுள்ளே வளரும் நாற்றுக்கும் நீரே இரவுக் காவலனாகலாம். 200 லீற்றர் கொள்ளும் கறுப்புப் பீப்பாய் ஒன்று பகலிற் சூடேறி இரவிற் பத்துப் பாகை குளிர்ந்தால், இரண்டு அலகுக்கு மேற்பட்ட வெப்பத்தை மெல்ல மெல்ல வழங்கும். இன்னும் பழைய முறையொன்றுமுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பாரிசு நகரத்துத் தோட்டக்காரர், குதிரை எருவை ஆழமாய் நிரப்பி, அது புளித்து மக்கும்போது எழும் சூட்டின்மேல் மண்ணிட்டு, கடுங்குளிரிலும் கீரையும் கிழங்கும் விளைவித்தனர். நெல்லை ஊறவைத்துச் சாக்கிற் கட்டி மூடி முளைகட்டும் நம் உழவருக்கு இதிற் புதுமையில்லை. முளைக்கும் நெல்லின் சுவாசச் சூடே அங்கு அடுப்பாகின்றது.

ஐசுலாந்து நாட்டிலே 1920களிலிருந்து பூமியின் வெந்நீரைக் குழாய்வழி செலுத்திப் பச்சைவீடுகளைச் சூடாக்குகின்றனர். கன்னியாவின் நீரை அவ்வாறு பயன்படுத்தலாகாதா என மாணவர் வினவுவதுண்டு. அவ்வூற்று முன்னோர் நினைவுக்கும் வழிபாட்டுக்கும் உரிய இடம். தொல்லியற் பாதுகாப்புக்கும் உரியது. அன்றியும், அது நின்றிருக்கும் சமவெளிக்குச் சூடு பஞ்சமில்லை. குளிர்நாட்டார் தம் நிலத்தில் எஞ்சிக் கிடந்ததைக் கண்டறிந்து பயன்கொண்டனர். அவ்வாறே நம் நிலத்தில் எஞ்சிக் கிடப்பன யாவை என நோக்குவோமாயின், கச்சான் காற்றும், கிடுகும், மணலும், மீன்பெட்டியும், மாலைக் குளிர்ச்சியும் கண்முன் நிற்கும்.

இறுதியாக, ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு சாதாரண வெப்பமானியைக் கொண்டு, பாத்தியின் மண்ணில் அரை அங்குல ஆழத்தில், விடியற்காலையிலும் பிற்பகல் இரண்டு மணிக்கும் வெப்பத்தை அளந்து எழுதி வாருங்கள். வெறும் பாத்தி ஒன்று. கிடுகின் கீழ் ஒன்று. கிடுகோடு வைக்கோலும் இட்டது ஒன்று. மூன்றிலும் நூறு நூறு கத்தரி விதைகளை எண்ணி இடுங்கள். பத்தாம் நாள் முளைத்தவற்றை எண்ணுங்கள். அவ்வெண்களைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். எந்த விரிவுரையிலும் மேலாக அந்த மூன்று எண்கள் ஊராருக்குப் பேசும். அடுத்த புரட்டாதியில், எந்தப் பாத்திக்கு எத்தனை நாள் நிழல் வேண்டுமென்பதை அவ்வூர்ப் பிள்ளைகளே தம் பெற்றோருக்குச் சொல்லுவர்.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது நாடறிந்த பழமொழி. அம்முளை, மண்ணை விட்டு எழுவதற்கு முன்னரே, நாம் காணாத அந்த நாலைந்து நாட்களிலே, அதன் வாழ்வும் சாவும் தீர்மானமாகின்றன. அந்த நாட்களுக்கு வேண்டியவை ஒரு வெப்பமானியும், ஒரு பந்தலும், சிறிது நீரும், அளந்து பார்க்கும் மனமுமே. அவற்றைக் கொண்டு இவ்வாண்டு நாற்றுமேடை இடும் இல்லங்களில் விதை வீணாகாது முளைத்தெழுக.